மோட்டார் வண்டியின் ஞாபகம்

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை வாளையாற்றைத் தாண்டியதும் பாலக்காட்டுக் கணவாயின் அகன்ற வெளிக்குள் நுழைகிறது. அங்கே, பாலக்காட்டு நகரத்துக்குக் கிழக்கே அமைந்திருக்கும் தொழிற்பேட்டை கஞ்சிக்கோடு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி கேரள மாநிலம் உருவாகும் வரையில் இப்பகுதி சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. எல்லைக்கோடு வரையப்பட்ட பிறகும் தமிழும் மலையாளமும் இங்கே ஒரே தெருவில் ஒலிக்கின்றன. வெளி மாநிலங்களில் பிழைப்புத் தேடிக் குடியேறிய தமிழர்களுக்கு இது அந்நியமான ஊர் அன்று. அவர்களில் பலர் இச்சாலை வழியாகவே தங்கள் வண்டிகளில் ஊர் திரும்புகிறார்கள்.

இத்தகைய சாலைகளின் ஓரத்துப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் யோசனை ஒன்று உண்டு. வண்டியின் முகப்பில், வேகமானிக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறத்தில் என்ஜின் வடிவமுள்ள ஒரு சிறு விளக்கு எரியத் தொடங்குகிறது. பயணி கவலையோடு வண்டியை நிறுத்துகிறார். பட்டறைக்காரர் பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றுகிறார். கால் மணி நேரம் பொறுத்து மீண்டும் மாட்டுகிறார். விளக்கு அணைந்துவிடுகிறது. இருவருக்கும் திருப்தி. சில நாட்களில் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது.

அந்தக் கால் மணி நேரத்தில் நடந்தது என்ன? வண்டிக்குள் இருந்த ஒரு கணிப்பொறி, தான் அறிந்திருந்த விஷயங்களை மறந்தது; அவ்வளவுதான். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மோட்டார் வண்டிக்கு ஞாபகம் எப்போது வந்தது, யாருக்காக வந்தது, அதை அழிக்கும் வழக்கம் எவ்வாறு பரவியது என்பதைச் சரித்திர முறையில் அறிந்துகொண்டால், இந்தச் சிறு விளக்கைக் கண்டு நாம் அஞ்சவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம்.

முதலில் ஞாபகமில்லாத வண்டிகளின் காலத்தைப் பார்ப்போம். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஜி. டி. நாயுடு தமது முதல் பஸ்ஸை ஓட்டினார். அக்காலம் தொட்டு ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள், நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய பெட்ரோல் வண்டிகளில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தந்த கருவி கார்புரேட்டர். அம்பாஸடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றும் இந்தக் கருவியை நம்பியே ஓடின. காற்று குறுகிய குழாய் வழியே விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு ஜெட் என்னும் நுண்துளையுள்ள பித்தளைத் துண்டின் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. இதில் மின்சாரமும் இல்லை, கணக்கும் இல்லை. துளையின் அளவே சட்டம்.

ஆனால், துளையின் அளவு மாறாதபோது சூழ்நிலை மாறுகிறதே! கணவாயின் சமவெளியில் நன்றாக ஓடிய வண்டி, போடிமெட்டின் வழியாக இடுக்கி மாவட்டத்து மூணாறுக்கு ஏறுவதாக வைத்துக்கொள்வோம். மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியில் உள்ளதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று இலேசாகிவிடுவதால் அதனோடு சேரும் பெட்ரோலின் விகிதம் அதிகமாகிவிடும். வண்டி கறுப்புப் புகை விடும். பிளக்கில் கரி படியும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அநுபவமுள்ள மெக்கானிக் திருப்புளியால் ஒரு திருகை அரைச்சுற்றுத் திருப்புவார். மலையிலேயே ஓடும் வண்டியானால் ஜெட்டையே மாற்றிவிடுவார். கோளாறின் ஞாபகம் வண்டியில் இல்லை. அந்த மனிதரின் காதிலும் கையிலும் இருந்தது. என்ஜினின் ஓசையைக் கேட்டே எந்தச் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று சொல்லும் திறமை ஒரு தலைமுறையின் சொத்தாக இருந்தது.

இந்த ஏற்பாடு மாறியதற்குக் காரணம் வேகமோ சொகுசோ அன்று, காற்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மக்களின் கண்களை ஒரு புகைமண்டலம் எரிக்கத் தொடங்கியது. தொழிற்சாலைகளே காரணம் என்று பலர் எண்ணினர். டச்சு நாட்டில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன விஞ்ஞானி, 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் உண்மையைக் கண்டறிந்தார். வண்டிகளின் வால்குழாயிலிருந்து வெளிவரும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய வெளிச்சத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து அந்த நச்சுப்புகையை உண்டாக்கின. அவருடைய முடிவை மோட்டார் கம்பெனிகள் எளிதில் ஏற்கவில்லை. எனினும் 1968இல் கலிபோர்னிய காற்று வளக் குழு அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக அவரே நியமிக்கப்பட்டார். 1970இல் அமெரிக்கா கடுமையான தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது.

சட்டத்தை நிறைவேற்ற ஒரு கருவி வேண்டியிருந்தது. வால்குழாயில் பொருத்தப்படும் வினையூக்கிப் பெட்டி அதுவே. பட்டறைகளில் இதைக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்பார்கள். பிளாட்டினம் முதலிய அரிய உலோகங்கள் பூசிய பீங்கான் கூடு அதனுள் இருக்கிறது. நச்சு வாயுக்கள் அதன் வழியே போகும்போது தீங்கு குறைந்தவையாக மாறுகின்றன. 1975 முதல் அமெரிக்க வண்டிகளில் இது பரவலாக வந்தது. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கக் கூடாது. கலந்தால் அந்த உலோகப் பூச்சு செயலிழந்துவிடும். அடுத்து, மூவகை நச்சுகளையும் ஒருங்கே நீக்க வேண்டுமானால் ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று என்ற விகிதம் இம்மியளவும் பிசகாமல் இருக்க வேண்டும். மலையிலும் சமவெளியிலும், குளிரிலும் வெயிலிலும், ஒவ்வொரு விநாடியும் இந்த விகிதத்தைக் காப்பாற்றப் பித்தளைத் துளையால் இயலாது. கணக்குப் போடும் யந்திரம் ஒன்று தேவைப்பட்டது.

அதற்கான வழி ஓரளவு தயாராகவே இருந்தது. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1967இல் வோக்ஸ்வாகன் 1600 வண்டிக்கு மின்னணு முறையில் பெட்ரோலை உட்செலுத்தும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது. டிரான்சிஸ்டர்களால் ஆன ஒரு பெட்டி, காற்றின் அழுத்தத்தையும் என்ஜினின் சூட்டையும் அறிந்து, பெட்ரோல் எத்தனை நேரம் பீய்ச்சப்பட வேண்டும் என்று தீர்மானித்தது. இதற்கு ஞாபகம் கிடையாது. உத்தரவு போடும், ஆனால் தன் உத்தரவின் பலன் என்னவாயிற்று என்று திரும்பிப் பார்க்காது.

திரும்பிப் பார்க்கும் கண் 1976இல் கிடைத்தது. அவ்வாண்டு, கலிபோர்னியாவில் விற்பதற்கென்று தயாரித்த வண்டிகளில் ஸ்வீடனின் வால்வோ கம்பெனி ஒரு சென்சாரைப் பொருத்தியது. லாம்டா சென்சார் என்றும் ஆக்ஸிஜன் சென்சார் என்றும் இதற்குப் பெயர். வால்குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சிறு துண்டு, எரிந்து வெளிவரும் வாயுவில் ஆக்ஸிஜன் மிச்சம் உள்ளதா என்று பார்க்கிறது. மிச்சம் இருந்தால் பெட்ரோல் போதவில்லை. இல்லாவிட்டால் பெட்ரோல் அதிகம். இந்தச் செய்தி மின்சாரமாகக் கணிப்பெட்டிக்குத் திரும்பச் சென்று, அடுத்த உத்தரவைத் திருத்துகிறது.

இவ்விடத்தில் கஞ்சிக்கோடு நமக்கு நல்ல உதாரணம் தருகிறது. மத்திய அரசாங்கத்தின் இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் நிறுவனம் 1970களில் அங்கே அமைத்த தொழிற்சாலை, கட்டுப்பாட்டு வால்வுகளைச் செய்வதில் பெயர் பெற்றது. அனல் மின் நிலையத்திலோ உரத் தொழிற்சாலையிலோ நீராவி ஓடும் குழாயில் அத்தகைய வால்வு பொருத்தப்படுகிறது. ஒரு கருவி அழுத்தத்தை அளக்கும், வேண்டிய அளவோடு அதை ஒப்பிடும், வித்தியாசத்துக்கு ஏற்ப வால்வைத் திறக்கும் அல்லது மூடும், மீண்டும் அளக்கும். அளத்தல், ஒப்பிடல், திருத்தல், மறுபடி அளத்தல் என்ற இந்த வட்டமே மோட்டார் என்ஜினிலும் சுழல்கிறது. 1976இல் அதே ஊருக்கு வந்த இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, தொலைபேசி இணைப்பகங்களைத் தயாரித்து மின்னணு வேலையையும் அங்கே கொண்டுவந்தது. ஆலைகளிலும் இணைப்பகங்களிலும் பெரிய அறைகளை அடைத்திருந்த வித்தை, நுண்செயலியின் வருகையால் உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் அடங்கி வண்டிக்குள் குடிபுகுந்தது.

1979இல் பி.எம்.டபிள்யூ. வண்டி ஒன்றில் பாஷ் கம்பெனியின் மோட்ரானிக் என்னும் ஏற்பாடு வந்தது. பெட்ரோலை அளப்பதும் பிளக்கில் பொறி விழும் தருணத்தைக் குறிப்பதும் ஒரே எண்கணிப்பொறியின் வேலையாயின. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி அமெரிக்காவில் விற்ற தன் பெட்ரோல் கார்களில் இத்தகைய கணிப்பொறியைப் புகுத்தியது. வண்டியின் ஞாபகம் வழக்கமான பொருளானது இக்காலத்தில்தான்.

அந்த ஞாபகம் இருவகைப்படும். ஒன்று, பழக்கத்தால் வரும் அறிவு. பத்து வருஷம் ஓடிய என்ஜினில் வளையங்கள் தேய்ந்திருக்கும். பெட்ரோல் பீய்ச்சும் முனையில் அழுக்குப் படிந்திருக்கும். காற்று செல்லும் வழி கரியால் குறுகியிருக்கும். ‘இந்த வண்டிக்கு வழக்கமான அளவைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு அதிகமாகப் பெட்ரோல் தர வேண்டியிருக்கிறது’ என்று கணிப்பொறி நாளடைவில் கற்று, அந்தத் திருத்தத்தைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அன்று மெக்கானிக்கின் திருப்புளி செய்த அரைச்சுற்று வேலையை இன்று இது தானே செய்கிறது. மற்றொன்று, கோளாறுகளின் பதிவு. எந்த சென்சார் பொருந்தாத செய்தி சொன்னது, எந்தச் சிலிண்டரில் எரிதல் தவறியது என்பவை எண்களாகப் பதியப்படுகின்றன. பதிவு விழுந்ததும் முகப்பு விளக்கு எரிகிறது.

தொடக்க காலத்துக் கணிப்பொறிகளில் இந்த ஞாபகம் ஒரு பலவீனமான இழையில் தொங்கியது. சாவியை எடுத்த பின்பும் பேட்டரியிலிருந்து இடைவிடாமல் வரும் மிகச் சிறிய மின்னோட்டமே அதைக் காத்துவந்தது. வயரைக் கழற்றினால், அல்லது அந்த ஃபியூஸைப் பிடுங்கினால், பெட்டிக்குள் எஞ்சியிருந்த மின்சாரம் வடிந்ததும் எல்லாம் அழிந்துவிடும். அக்காலத்துக் கம்பெனிகளின் பழுதுபார்க்கும் புத்தகங்களே பழுதை நீக்கிய பின் இம்முறையில் பதிவை அழிக்கச் சொல்லின. ஆகவே பேட்டரி வயரைக் கழற்றும் வித்தை ஒரு திருட்டு வேலையாகத் தொடங்கியது அன்று. முதலில் படித்தல், பிறகு பழுது நீக்கல், கடைசியில் அழித்தல் என்ற மூன்று படிகளில் மூன்றாவதாக இருந்த முறையான வேலை அது. காலப்போக்கில் முதல் இரண்டு படிகளும் உதிர்ந்து, மூன்றாவது மட்டும் பட்டறைகளில் நிலைத்துவிட்டது.

முதற்படியாகிய படித்தலும் அன்று எளிமையாகவே இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில், இணைப்புச் செருகியின் குறிப்பிட்ட இரு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தால், முகப்பு விளக்கு தந்திச் செய்தி போலக் கண்சிமிட்டும். ஒரு சிமிட்டல், சிறிது இடைவெளி, பிறகு இரண்டு சிமிட்டல் என்றால் பன்னிரண்டு என்று பொருள். அந்த எண்ணைப் பட்டியலில் தேடிக் கோளாறை அறியலாம். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி எண்ணும் வேறு, செருகியும் வேறு. கலிபோர்னியா அரசாங்கம் 1988 முதல் வண்டிகள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்பனையான எல்லாக் கார்களிலும் ஒரே வடிவமுள்ள செருகியும் ஒரே எண்வரிசையும் கட்டாயமாயின. ஓ.பி.டி. இரண்டு என்று இன்று பட்டறைகளில் வழங்குவது இதுவே. பி என்ற எழுத்தில் தொடங்கும் 0300 என்ற எண், எரிதல் தவறுகிறது என்பதை எந்த நாட்டு வண்டியிலும் குறிப்பதற்குக் காரணம் அந்தச் சட்டம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1983ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 புதுமையான வண்டியாயினும் கார்புரேட்டர் வண்டியே. 1995ஆம் ஆண்டு ஏப்ரலில் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதிய கார்களுக்கு வினையூக்கிப் பெட்டி கட்டாயமாயிற்று; ஈயமில்லாத பெட்ரோலும் அங்கே விற்பனைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. இதனிடையே 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி, தில்லியின் காற்று மாசு பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதியில் ஐரோப்பிய அளவுகளை விரைந்து அமல்படுத்த உத்தரவிட்டது. அந்த அளவுகளுக்கு ஈடுகொடுக்க கார்புரேட்டர் திணறியது.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி கட்டிய தொழிற்சாலையிலிருந்து 1998இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி முனை வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஏற்பாடும், அதை ஆளும் கணிப்பொறியும் அச்சிறு காரில் இருந்தன. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாருதி 800இலும் அது வந்தது. எம்.பி.எஃப்.ஐ. என்ற நான்கெழுத்து, சாதாரணக் குடும்பங்களின் பேச்சில் அப்போது புகுந்தது. இன்று பழைய கார் என்று நாம் சொல்பவற்றுள் பெரும்பாலானவை அந்த ஆண்டுகளில் பிறந்தவை.

பட்டறைகளுக்கு அது சோதனைக் காலம். பழைய பழக்கம் ஒன்று அப்போது பெருநஷ்டத்தை விளைவித்தது. டைனமோ பொருத்திய அம்பாஸடர், பத்மினி வண்டிகளில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பார்கள். என்ஜின் நிற்காவிட்டால் டைனமோ நன்றாக இருக்கிறது என்று பொருள். ஆல்டர்னேட்டரும் கணிப்பொறியும் உள்ள வண்டியில் அதையே செய்தால், தாங்குவதற்குப் பேட்டரி இல்லாமையால் மின்னழுத்தம் திடீரென்று எகிறிக் கணிப்பொறியையே சுட்டுவிடக்கூடும். ஒரு தலைமுறையில் கெட்டிக்காரத்தனமாக இருந்தது அடுத்த தலைமுறையில் ஆபத்தாயிற்று. கையின் தவறன்று அது. யந்திரம் மாறிவிட்டது என்ற செய்தி கைக்கு வந்து சேராததன் தவறு.

தன்னைத் தானே சோதிக்கும் விதி இந்தியாவில் பாரத் நான்காம் நிலைக் கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் படியாகவும், 2013 ஏப்ரலில் இரண்டாம் படியாகவும் வந்தது. 2020 ஏப்ரலில் ஆறாம் நிலை நாடெங்கும் அமலாயிற்று. அதோடு இருசக்கர வண்டிகளிலும் பெரும்பாலானவை கார்புரேட்டரைக் கைவிட்டன. எனவே 2000க்கும் 2010க்கும் இடையே பிறந்த கார்கள் ஒரு தனி வகுப்பு. அவற்றில் கணிப்பொறி உண்டு. ஆனால் எண்வரிசையும் செருகியும் ஒரே விதமாக இருக்கும் என்ற உறுதி இல்லை. அவற்றை வைத்திருப்பவர்களே பேட்டரி வயர் வைத்தியத்துக்கு அதிகமாக ஆளாகிறார்கள்.

அந்த வைத்தியத்தின் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்ப்போம். பழுதான சென்சாரை மாற்றிய பிறகும், உட்செலுத்தும் முனைகளைச் சுத்தம் செய்த பிறகும், பழைய திருத்தங்களை அழிப்பது நியாயமே. கரி படிந்த காற்று வழிக்குப் பழகியிருந்த கணிப்பொறி, சுத்தமான வழியில் தடுமாறும். அதைப் புதிதாகக் கற்கச் செய்ய வேண்டும். சாவியை எடுத்து, என்ஜினை நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவ் பக்கத்தை முதலில் தொட்டால் ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டுப் பொறி பறக்கும். கால் மணி நேரம் பொறுத்து மாட்டிய பின், வண்டி முதலில் சற்று முரண்டு பிடிக்கும். ஐட்லிங் ஏறி இறங்கும். சில மைல்கள் பலவிதமாக ஓட்டிய பிறகு சீராகும். ரேடியோவின் ரகசிய எண்ணைச் சிலவற்றில் மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும். பிற்கால வண்டிகளிலோ பதிவுகள் மின்சாரம் இல்லாமலும் அழியாத நினைவகத்தில் தங்குவதால், வயரைக் கழற்றிப் பயன் இல்லாமலும் போகலாம். ஸ்கேனர் கருவியால்தான் அவற்றை அழிக்க முடியும்.

கோளாறு என்னவென்று படிக்காமலேயே அழிப்பதுதான் தவறு. நோயாளியின் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, காய்ச்சல் நீங்கிற்று என்று சொல்வதற்கு அது ஒப்பாகும். எரிதல் தவறும் வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால், எரியாத பெட்ரோல் வினையூக்கிப் பெட்டிக்குள் சென்று எரிந்து, அந்தப் பீங்கான் கூட்டையே உருக்கிவிடும். ஒரு பிளக்கோ ஒரு வயரோ மாற்றி முடித்திருக்க வேண்டிய வேலை, பல ஆயிரம் ரூபாய்ச் செலவாக முடியும். அதுவரை வெளியேறிய புகை யாருடைய மூச்சில் கலந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

எண்ணைப் படிப்பதாலும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று பதிவு சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவசரக்காரர் உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார். உண்மையில் என்ஜினை நோக்கிச் செல்லும் ஒரு ரப்பர்க் குழாயில் வெடிப்பு விழுந்து, கணக்கில் வராத காற்று நுழைந்துகொண்டிருக்கலாம். கணிப்பொறி தருவது சாட்சியம், தீர்ப்பு அன்று. சாட்சியத்தை எடைபோடுவதற்கு இன்றும் பழைய மெக்கானிக்கின் காதும் கையும் தேவைப்படுகின்றன.

புதிய சட்டம் தன் வேலையைத் தானே சொல்லிக் கொடுக்கிறது. ஓ.பி.டி. இரண்டின்படி, பல கோளாறுகள் அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும். கோளாறை உண்மையாகவே நீக்கிவிட்டால், மூன்று நல்ல பயணங்களுக்குப் பின் விளக்கு தானே அணையும். நாற்பது முறை என்ஜின் சூடாகி ஆறிய பின் பதிவும் தானே நீங்கும். வயரை யாரும் தொட வேண்டியதே இல்லை. அன்றியும், பதிவை அழித்தால் தன் சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று கணிப்பொறி அறிவிக்கும். அமெரிக்கப் பரிசோதனை நிலையங்கள் அந்த அறிவிப்பைக் கண்டதும் வண்டியைத் திருப்பி அனுப்பின. 2010ஆம் ஆண்டு முதல் அங்கு வந்த வண்டிகளில் நிலையான பதிவு என்ற ஒன்றும் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. அது பேட்டரி வயருக்கும் அசையாது, ஸ்கேனருக்கும் அசையாது. கோளாறு நீங்கியதை வண்டியே சோதித்துத் தெளிந்தால்தான் மறையும். மறக்கச் செய்யும் வித்தைக்குச் சட்டம் கொடுத்த பதில் அது.

யந்திரம் பொய் சொல்வதும் உண்டு என்பதை 2015 செப்டம்பரில் உலகம் அறிந்தது. வோக்ஸ்வாகன் கம்பெனியின் டீசல் கார்களில் இருந்த கணிப்பொறி, பரிசோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகளில் அந்த ஏற்பாடு இருந்தது. பட்டறையில் வயரைக் கழற்றும் ஏழை மெக்கானிக்கை மட்டும் நாம் குறை சொல்லிப் பயனில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

அந்த மெக்கானிக்கின் கட்சியிலும் நியாயம் உண்டு. பதிவைப் படிக்கும் கருவியும் அதன் விளக்கப் புத்தகமும் பல ஆண்டுகள் கம்பெனிகளின் சொந்தப் பட்டறைகளுக்கு மட்டுமே கிடைத்தன. படிக்க முடியாதவர் அழிக்கத்தானே செய்வார்? இந்தியாவின் போட்டி ஆணையம் 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி உறுப்புகளையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தது குற்றம் என்பது ஆணையத்தின் முடிவு. மேல்முறையீடுகள் தொடர்ந்தன, எனினும் வண்டியின் ஞாபகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அன்று வெளிச்சத்துக்கு வந்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசாங்கம் பழுதுபார்க்கும் உரிமைக்கெனத் தொடங்கிய இணையவாயிலில் மோட்டார் வண்டிகளும் இடம்பெற்றன. சாலையோரப் பட்டறைகளில் இப்போது சிறு ஸ்கேனர்கள் புழங்குகின்றன. கருவி வந்துவிட்டது, அதைக் கொண்டு முதலில் படிக்கும் பழக்கம் எங்கும் வேரூன்ற வேண்டும்.

வெளியூரில் வாழும் நேயர்களுக்கு இது வெறும் சரித்திரம் அன்று. புது ஊரில் பழைய கார் ஒன்றை விலைக்கு வாங்குகிறீர்கள். விற்பவர் முதல் நாள் இரவே வயரைக் கழற்றி விளக்கை அணைத்திருக்கக்கூடும். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. சாவியைத் திருப்பி, என்ஜினைக் கிளப்பாமல் பாருங்கள். அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் விளக்கையே பிடுங்கியிருக்கிறார்கள். பிறகு ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரைக் கொண்டு, பதிவு அழிக்கப்பட்ட பின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓ.பி.டி. இரண்டு உள்ள வண்டிகள் பலவற்றில் அந்தக் கணக்கு உண்டு. எப்போது மறக்கச் செய்தார்கள் என்பதையும் யந்திரம் ஞாபகத்தில் வைத்திருக்கிறது! எட்டு கிலோமீட்டர் என்று காட்டினால், பேரத்தை நிறுத்திவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு பேசலாம்.

நெடும்பயணத்தில், மொழி தெரியாத ஊரில், விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். விளக்கு நிலையாக எரிந்தால் பெரும்பாலும் அடுத்த நல்ல பட்டறை வரை நிதானமாக ஓட்டலாம். கண்சிமிட்டினால் எரிதல் தவறுகிறது என்று பொருள்; வேகத்தைக் குறைத்து வண்டியை நிறுத்துவதே நலம். பட்டறையில் எதையும் கழற்றுவதற்கு முன் எண்ணைப் படித்து ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எண்ணுக்கு மொழிபேதம் இல்லை. ஹிந்தியிலோ கன்னடத்திலோ பேசும் மெக்கானிக் எழுதிய அதே எண்ணை ஊர் திரும்பியதும் உங்கள் சொந்த மெக்கானிக்கும் படித்துக்கொள்வார்.

ஒரு நகரத்து மக்களின் எரிந்த கண்களிலிருந்து பிறந்தது மோட்டார் வண்டியின் ஞாபகம். அதற்கு ஒரு விஞ்ஞானியின் பொறுமையும், சட்டமன்றங்களின் உறுதியும், நீதிமன்றங்களின் கண்டிப்பும் துணைநின்றன. கால் மணி நேரத்தில் அதை அழித்துவிட முடியும் என்பது உண்மையே. அழிக்கும் முன் ஒரு முறை படித்துவிட்டால், பணமும் மிஞ்சும், வண்டியும் நீடிக்கும், கணவாய்க் காற்றும் சற்றுச் சுத்தமாக இருக்கும்.